மூணரைக் கட்டையைத் தேடாதீங்க

எனக்கு வயசு எழுபத்திமூணு. பெத்தது நாலு, வளர்த்தது ஆறு. மிச்சம் ரெண்டும் என் கொழுந்தனார் பிள்ளைகள். அவர் ஹார்பர் வேலைக்குப் போய்த் திரும்பி வராமல் போனதும், அதுங்களும் என் சட்டியில் சாப்பிட்டு வளர்ந்ததுங்க. ஆறு பேரையும் நான் ஈயம் பத்தவெச்சே ஆளாக்கினேன். இதைப் பெருமையாகத்தான் சொல்றேன். பெருமைப்பட வேண்டியதுக்குப் பெருமைப்படாமல் தலையைக் குனிஞ்சுக்கிட்டு இருக்கிறதும் ஒரு பொய்தான்.

எழுத்து எனக்கு என் பேர் வரைக்கும் வரும். பஸ் போர்டு படிப்பேன். பைபிளை விரல் வெச்சு மெதுவாகப் படிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஜெனி போனில் அடிக்கிறாள். தப்பு இருந்தால் அவளுடையது, சரியாக இருந்தால் என்னுடையது.

ரிப்பேர் கடையில் புதுசாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைங்களே, நீங்க அனுப்பின படத்தை ஜெனி காட்டினாள். நான் கடைசியாக உட்கார்ந்து வேலை பார்த்த கடை அது, உங்க ஓனருக்கு என்னை நல்லாத் தெரியும். மாதா கோயில் பாட்டுக்குழு மாடியில் கிடந்த ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து பிரிச்சிருக்கீங்க. உள்ளே போர்டு மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. அது யார் வெச்சது என்று ஒரு கேள்வி. அடுத்த கேள்வி, சுருதிக் கட்டை நம்பரைத் திருப்பினால் மூணுக்கு அப்புறம் மூணரை வராமல் நாலுக்குத் தாவுது, இது ப்ரோக்ராமில் விட்டுப்போன கோளாறு, நாங்க மூணரையைச் சேர்த்துச் சரி பண்ணிடலாமா என்று.

புள்ளி நான் வெச்சது. பெட்டியிலிருந்து கையை எடுங்க. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அதைத் தொடாதீங்க.

அந்தப் பெட்டிக்குப் பேர் சீக்வென்ஸர். கேசட் ஓடிக்கிட்டிருந்த காலத்தில், திருவொற்றியூரில், எண்ணூர் ஹைரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு ஷெட்டில் நாங்க அதைக் கட்டினோம். "மிடி சீக்வென்ஸர் கட்டப் போறோம்" என்று முதல் நாள் சொன்னதும், வரிசையாக உட்கார்ந்து ஈயம் வைக்கிற லைனில் இருந்த பொம்பளைங்க எல்லாம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். எங்களுக்குத் தெரிஞ்ச மிடி, ஸ்கூல் பிள்ளைங்க முட்டி வரைக்கும் போடுமே, அந்தப் பாவாடை. "தையல் மெஷின் எங்க கீது?" என்று செல்வி கேட்டே விட்டாள்.

மிடி என்பது ஒரு கம்பி வழியாக ஒரு பெட்டி இன்னொரு பெட்டிக்குச் சொல்ற சேதி. எந்தக் கட்டையை எப்போ அழுத்தினாங்க, எவ்வளவு பலமாக அழுத்தினாங்க, அவ்வளவுதான் அந்தச் சேதி. எங்க பெட்டி அதை ஞாபகம் வெச்சுக்கிட்டு, பிறகு கீபோர்டுக்குச் சொல்லும். கீபோர்டு அப்படியே வாசிக்கும். பெட்டிக்கு வாய் கிடையாது, ஞாபகம் மட்டும்தான். நாலு பேர் வாசிக்க வேண்டியதை ஒருத்தர் வெச்சுக்கிட்டு மேடை ஏறலாம். வெளிநாட்டுப் பெட்டி வந்துக்கிட்டிருந்தது, ஆனால் சின்னக் கோயில் பாட்டுக்குழுவுக்கும் மெல்லிசைக் குழுவுக்கும் அது எட்டாது. அவங்களுக்காக நம்ம ஊரிலேயே ஒண்ணு என்பது முதலாளியின் ஆசை.

முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரக் குடும்பம். "சொல்லுதேன், செய்யுதேன்" என்று பேச்சு தணிவாக வரும். ஆனால் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான். ப்ரோக்ராம் எழுதினவர் படிச்ச பிள்ளை, மூக்கில் நிக்காத கண்ணாடி. கண்ணாடி சார் என்றே கூப்பிடுவோம். டெஸ்டிங் மேஜையில் தாஸு. காசிமேட்டுக்காரன், மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம், கீபோர்டு ரெண்டும் வாசிப்பான், பாடுவான், வாய் ஓயாது. லைனுக்கு மேலே எங்க பெரியக்கா. அவங்க பேரைச் சொல்ல மாட்டேன். பேர் சொல்லிப் புகழ்றது அவங்களுக்குப் பிடிக்காது, இப்போ இல்லை என்பதற்காக நான் அதை மீற முடியாது.

லைனில் பாதிப் பேருக்கு எழுத வராது. யார் கை எந்த போர்டு என்று தெரியணுமே? ஆளுக்கு ஒரு நகப்பாலிஷ். ஈயம் வெச்சு முடிச்சதும் போர்டு மூலையில் அவங்கவங்க கலரில் ஒரு பொட்டு. செல்விக்குப் பச்சை. எனக்குச் சிவப்பு. அப்போ கையெழுத்துப் போடத் தெரியாத நாங்க போட்ட கையெழுத்து அதுதான்.

அந்தப் பெட்டி எங்களைப் படுத்தின பாடு கொஞ்சமில்லை. முதலில் அதற்கு மறதி. பாட்டை ஏற்றி வைப்பாங்க, டீ குடிச்சுட்டு வந்து பார்த்தால் ஒண்ணும் இருக்காது. "ஈயம் சரியாப் பிடிக்கல, எல்லா போர்டையும் திரும்பச் சூடு பண்ணுங்க" என்று உத்தரவு வந்தது. பண்ணினோம். ரெண்டாவது சூட்டில் செம்புக் கோடு போர்டை விட்டுக் கிளம்பிக்கிச்சு, கருவாட்டுத் தோல் மாதிரி. நல்ல போர்டுகள் குப்பைக்குப் போச்சு. பெட்டியும் மறந்துக்கிட்டேதான் இருந்தது. கடைசியில் பார்த்தால் காரணம் பக்கத்து ஷெட்டு மோட்டார். அவங்க சுவிட்சைப் போடுற நொடியில் எங்க கரண்டு ஒரு முழுங்கு முழுங்கும். பெட்டிக்கு அந்த ஒரு நொடி போதும். பேசின் பிரிட்ஜ் பவர் ஹவுஸில் தும்மினால் எங்க லைட்டுக்கு ஜலதோஷம் பிடிக்கிற காலம் அது. உள்ளே ஒரு சின்ன பேட்டரி வெச்சதும் மறதி நின்னுச்சு.

அன்னிக்குப் பெரியக்கா குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு போர்டை எடுத்துத் துடைச்சுத் தன் மேஜையில் வெச்சுக்கிட்டாங்க. "இனிமே இன்னா தப்புன்னு தெரியாம ரெண்டாம் சூடு வெக்க வுட மாட்டேன்" என்று மட்டும் சொன்னாங்க. சத்தம் போடலை. ஆனால் அந்த வார்த்தை பின்னால் எங்களைக் காப்பாத்தும் என்று அப்போ யாருக்கும் தெரியாது.

இப்போ கட்டைக் கதைக்கு வர்றேன். பாடுறவங்களுக்குத் தெரியும், நம்ம பக்கம் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்லுவோம். ஆம்பளைக் குரலுக்கு ஒரு கட்டை, ஒன்றரை, ரெண்டு. பொம்பளைக் குரலுக்கு அஞ்சு, அஞ்சரை. வெளிநாட்டுப் பெட்டியில் எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. நம்ம பெட்டியில் கட்டையையே போட்டுடலாம், திருப்பினால் பாட்டு முழுசும் அந்தக் கட்டைக்கு ஏறி உட்காரணும் என்று யோசனை சொன்னது தாஸுதான். நல்ல யோசனை. கண்ணாடி சாருக்குச் சங்கீதம் தெரியாது. "அரைக்கட்டைன்னா எவ்வளவு?" என்று கேட்டார். தாஸு ஆர்மோனியத்தில் ஒரு வெள்ளையை அழுத்தி, பக்கத்துக் கறுப்பை அழுத்திக் காட்டினான். "அடுத்தது சார். அவ்ளோதான்." சார் எழுதிக்கிட்டார். கேட்டவர் கேட்டதும் சரி, சொன்னவன் சொன்னதும் சரி. அப்படியும் ஒரு குழி விழுந்தது.

ராயபுரத்தில் கோயிலுக்குப் பின்னால் ஒரு ஹால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே பெட்டியைக் காட்டுறதாக ஏற்பாடு. வடசென்னைப் பாட்டுக்குழு ஆளுங்க, மெல்லிசைக்காரங்க, வாத்தியக் கடைக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. முதலாளி லைனுக்கு நேரே வந்து நின்னு சொன்னார்: "இது நல்லபடியா முடிஞ்சா நீங்க எல்லாரும் இங்க இருப்பிய. முடியலைன்னா ஷெட்டைக் கன்டெய்னர் குடோனுக்குக் குடுத்துருதேன். ஒளிவு மறைவு இல்லாம சொல்லுதேன்." தாஸு ஒரு பாட்டு, கோயில் பாட்டுக்குழுவில் பாடுறவள் என்பதால் நான் ஒரு பாட்டு என்று பேச்சு.

சனிக்கிழமை காலையில் ஒத்திகை.

"இன்னாமே பிலோமி, நாளைக்கு மேடை. தொண்டைய மீன் கொயம்புல கழுவிக்கினு வந்துக்கிறியா?" என்றான் தாஸு.

"நீ ஒன் ஆர்மோனியத்த மொதல்ல கழுவு. உள்ள கரப்பான் கொழந்த குட்டியோட கீது."

அவன் முதலில் தன் ஒரு கட்டையில் பாடினான். பெட்டி சொல்லக் கீபோர்டு வாசிக்க, கூடவே அவன் ஆர்மோனியம். தேன் மாதிரி. முதலாளி நாற்காலியில் சாய்ஞ்சார். அப்புறம் அஞ்சுக்குத் திருப்பினான். நான் வாயைத் திறந்தேன்.

ஆர்மோனியம் ஒரு பக்கம் போச்சு, கீபோர்டு ஒரு பக்கம் போச்சு. ஒரே செருப்பில் ரெண்டு பேர் காலை விட்ட மாதிரி. நான் நடுவில் எதைப் பிடிக்கிறது என்று தெரியாமல் நிறுத்திட்டேன். முதலாளி நாற்காலி நிமிர்ந்தது.

கண்ணாடி சார் ஓடி வந்தார். திருப்பித் திருப்பி வாசிக்கச் சொன்னார். "ஒரே ஒரு படி மேல ஏறி நிக்குது. சேதி போற கம்பிங்கள்ல ஒண்ணு சரியா ஒட்டலன்னா இப்படி ஆகலாம்" என்றார். மூடியைக் கழட்டினார். சிவப்புப் பொட்டு.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. என் காது ரெண்டும் கொதிச்சது. ரெண்டாவது பெட்டியைக் கொண்டுவந்தாங்க. ஒரு கட்டையில் சரி. நான் பாட அஞ்சுக்குத் திருப்பினால் அதே கோணல். அதில் இருந்தது செல்வியின் பச்சை.

"அப்பம் ஒருத்தர் கை இல்ல, லைனே சரியில்ல" என்றார் முதலாளி. குரல் இன்னும் தணிவாகத்தான் இருந்தது, அதுதான் பயம். "இருக்க போர்டு எல்லாத்தையும் இப்பமே சூடு பண்ணுங்க. திங்கக்கிழமையிலருந்து ஈய வேலைய வெளிய குடுத்துருதேன்."

அப்போதான் தாஸு வாயை விட்டான்.

"மொதலாளி, காலைலேர்ந்து நான் தனியா வாசிச்சேன், சோக்கா இருந்துச்சு. இதுங்க வந்து நின்னாத்தான் பேஜார் பண்ணுது. பொம்பளைங்க கிட்ட வந்தாலே பெட்டிக்கு ஆவல. நைலக்ஸ் பொடவ, கை ரொம்ப வளையலு. கரண்டு இஸ்துக்குது."

சிலபேர் சிரிச்சாங்க. சார் சிரிக்கலை. "சிந்தெடிக் துணியில மின்சாரம் சேரும். இருக்கலாம்" என்றார். முதலாளி அதைப் பிடிச்சுக்கிட்டார். "அப்பம் எல்லாரும் வளையலக் கழத்தி வச்சுட்டு வேலை பாருங்க."

செல்விக்கு அப்போ கல்யாணம் ஆன புதுசு. அவள் ஒரு கை இன்னொரு கையின் வளையல் மேலே போய் மூடிக்கிச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. சூட்டுக்கோலின் ப்ளக்கைப் பிடுங்கினேன். வாங்கடி போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லைனே எழுந்திருக்கும். வார்த்தை பல்லு வரைக்கும் வந்தாச்சு.

"பிலோமி, ஒக்காரு" என்றாங்க பெரியக்கா.

"இன்னாக்கா, அவன் இன்னா பேசறான்னு கேட்டியா?"

"கேட்டுக்கினுதான் கீறேன். நீதான் கேக்கல." பிறகு அவன் பக்கம் திரும்பினாங்க. "தாஸு, நீ சொன்னத இன்னொரு தபா சொல்லு. மெதுவா."

தாஸுக்குச் சிரிப்பு போயிடுச்சு. "சும்மா சொன்னேங்க்கா. கோச்சுக்கினியா?"

"கோவம் கீது. அது எங்கியும் போவாது, அப்பால வெச்சுக்கறேன். நீ சொல்லு."

"பொம்பளைங்க வந்தா கெடுது. நான் தனியா இருந்தா கெடல."

"சரி" என்றாங்க அக்கா. முதலாளியைப் பார்த்து, "அவன் சொல்றது மெய்யா பொய்யான்னு பாத்துட்டு அப்பால சூடு வெக்கலாம். தெரியாம வெச்சு போன தபா போர்டுங்க குப்பைக்குப் போச்சு. இது ரெண்டு பேரு கட்டுன பெட்டி. ரெண்டு கை ஒரே எடத்துல, ஒரே அளவு தப்பு பண்ணாது, மொதலாளி. கை தப்பு பண்ணா ஆளுக்கு ஒரு தினுசா பண்ணும்."

 முதலாளி வேண்டாம் என்று சொல்லலை. அக்காவுக்கு அது போதும்.

முதலில் எங்க எல்லாரையும் வெளியே அனுப்பினாங்க. ரோட்டில் நின்னோம், கன்டெய்னர் லாரி தூசியைத் தின்னுக்கிட்டு. உள்ளே தாஸு ஒரு கட்டையில் வாசிக்கிறது கேட்டது. சுத்தம். உள்ளே கூப்பிட்டு, என்னைப் பெட்டி மேலே கை வைக்கச் சொன்னாங்க. வளையலோட, நைலக்ஸ் புடவையோட. அவன் அதே ஒரு கட்டையில் வாசிச்சான். சுத்தம். செல்வியையும் வைக்கச் சொன்னாங்க. சுத்தம்.

"அப்போ பொம்பள வந்தா கெடல, தொட்டா கெடல" என்றாங்க அக்கா. "பாடுனா கெடுதா பாப்போம். பிலோமி, இவன் கட்டையிலயே பாடு. கீழ போவும், பரவால்ல."

ஒரு கட்டையில் பாடினேன். என் குரல் கிணத்துக்குள்ளேயிருந்து வர்ற மாதிரி இருந்தது, ஆனால் ஆர்மோனியமும் கீபோர்டும் ஒண்ணாகப் போச்சு.

"இப்போ வாய மூடிக்கினு நில்லு. தாஸு, நீ அஞ்சுல வாசி. யாரும் பாடாதீங்க."

தாஸு திருப்பினான். அழுத்தினான். கோணல்.

 ஈக்குக்கூடப் புரிஞ்சுபோச்சு. கெட்டது பொம்பளை வந்ததால் இல்லை, அஞ்சு வந்ததால். பொம்பளை வந்தால்தான் அஞ்சு வரும், அதுதான் விஷயம். அந்தப் பெட்டியை இத்தனை நாளும் சோதிச்சவங்க அத்தனை பேரும் ஆம்பளைங்க. ஒண்ணு, ஒன்றரை, ரெண்டு, அதற்கு மேலே யாரும் போகவே இல்லை.

கண்ணாடி சார் கண்ணாடியைக் கழட்டிட்டார். "தாஸு, ஆர்மோனியத்துல ஒண்ணுலேர்ந்து அரை அரையா ஏறிக் காட்டு" என்றார். தாஸு வாயால் சொல்லிக்கிட்டே அழுத்தினான். "ஒண்ணு, ஒன்றரை, ரெண்டு, ரெண்டரை, மூணு, நாலு..."

"இரு. மூணரை?"

"மூணரை இல்ல சார்."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்ல. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கறுப்புக் கட்ட ஏது? இதோ பாரு, ரெண்டும் வெள்ள, ஒட்டிக்கினு கீது. மூணரைன்னு யாராவது கேட்டா வாத்தியாரு ஒதைப்பாரு."

சார் பெட்டியின் நம்பரை மெதுவாகத் திருப்பினார். ஒண்ணு, ஒன்றரை, ரெண்டு, ரெண்டரை, மூணு. அடுத்த திருப்பில் மூணரை என்று பளிச்சென்று எரிஞ்சது. எல்லா வெள்ளைக்குப் பக்கத்திலும் ஒரு கறுப்பு இருக்கும் என்று நினைச்சு, இல்லாத ஒரு படியை வெச்சு மாடிப்படி கட்டியிருந்தார். அதற்குக் கீழே எல்லாம் சரி. அதற்கு மேலே ஒவ்வொரு படியும் ஒரு படி உசந்துபோச்சு. மூணரையைக் கேட்கிறவங்க யாரும் கிடையாது என்பதால் யார் கண்ணிலும் அது படவே இல்லை.

அவர் சிரிச்சாரா அழுதாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. மூஞ்சியில் ரெண்டும் இருந்தது. தாஸு தலையில் கை வெச்சுக்கிட்டான். "நான்தானே சார் காட்டுனேன்."

"நீ காட்டினது சரி தாஸு. நான் பாதிதான் கேட்டேன்."

பிள்ளைங்களே, நான் உங்களுக்குச் சொல்ல நினைச்சதில் பாதி இதுதான். அவன் சொன்னது வசவு. எனக்கு வசவு மட்டும்தான் காதில் விழுந்தது. அக்காவுக்கு அந்த வசவுக்குள்ளே இருந்த சேதியும் விழுந்தது. "பொம்பளை வந்தால் கெடுது" என்று அவன் கண்ணால் கண்டது மெய். ஏன் என்று அவன் சொன்னதுதான் பொய். நான் அன்னிக்குக் கோபத்தில் எழுந்து போயிருந்தால் மெய்யும் பொய்யும் சேர்ந்தே அந்த ஷெட்டில் கிடந்திருக்கும், பழி எங்க மேலே. வேலையில் உங்களை ஒருத்தர் மட்டமாகப் பேசினால் கோபப்படுங்க, அது உங்க உரிமை. ஆனால் அவர் என்ன பார்த்துட்டு அப்படிப் பேசினார் என்பதை மட்டும் எடுத்து வெச்சுக்கங்க.

மிச்சப் பாதி ஞாயிற்றுக்கிழமை.

தப்பு தெரிஞ்சாச்சு, ஆனால் திருத்த முடியலை. ப்ரோக்ராம் ஒரு சில்லுக்குள்ளே இருக்கு. அதை அழிச்சு எழுதுற மெஷின் கிண்டிப் பக்கம் ஒரு ஆபீஸில், அது திங்கட்கிழமைதான் திறக்கும். முதலாளி யோசிச்சார். "பொம்பளப் பாட்டு வேண்டாம். தாஸு மட்டும் பாடட்டும். பொறவு சரி பண்ணிக்கிடலாம்." அப்புறம் ஒண்ணு சொன்னார்: "யாராது கேட்டா, ஒரு போர்டுல ஈயம் சரியில்லன்னு சொல்லிருங்க. ப்ரோக்ராம் தப்புன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

கண்ணாடி சார் தரையைப் பார்த்தார். சின்ன வயசு. முதலாளி முன்னால் வாய் வரலை.

வீட்டுக்குக் கிளம்பும்போது நான் அக்காவிடம் கேட்டேன். "நாளைக்கு மேடைல இன்னா பண்றதுக்கா?"

"நான் வரல. அங்க நான் இருந்தா நீ என் மூஞ்சியப் பாப்ப."

"கேட்டா இன்னா சொல்றது?"

"ஒன் பொட்டு எதுல கீதுன்னு நெனச்சுக்கினு சொல்லு." அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிட்டாங்க.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைஞ்சிருந்தது. தாஸு பாடினான். ஒரு கட்டை, அப்புறம் ஒன்றரை, அப்புறம் ரெண்டு. கைதட்டு. முதலாளி முகத்தில் ரத்தம் திரும்பிச்சு. நான் ஓரத்தில் நின்னுக்கிட்டிருந்தேன். முடியப் போறது என்று நினைக்கும்போது பின் வரிசையில் ஒரு அம்மா எழுந்தாங்க. பக்கத்துக் கோயில் பாட்டுக்குழுவை நடத்துறவங்க. வெள்ளைப் புடவை, நல்ல உயரம்.

"எங்க குழுவுல ஆம்பள ரெண்டே பேரு. அதுல ஒருத்தர் தூங்கிடுவாரு. மத்தது எல்லாம் நாங்கதான். எங்க கட்டையில போடுங்க, கேக்கறோம். அஞ்சு."

ஹால் சிரிச்சது. தாஸு முதலாளியைப் பார்த்தான். முதலாளி கண்ணை மூடித் திறந்தார். தாஸு கெட்டிக்காரன். பெட்டியைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பி வெச்சுக்கிட்டு நாலரையில் நிறுத்தினான். பெட்டி ஒரு படி ஏத்திச் சொல்லும் என்பதால் நாலரை போட்டால் அஞ்சு வரும். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். பாடினேன். பிள்ளைங்களே, நல்லாவே இருந்தது. ஹால் அமைதியாகக் கேட்டது. கடைசி வரியில் எனக்கே புல்லரிச்சது.

கைதட்டு ஓயறதுக்குள்ளே அந்த அம்மா மேடைக்கு வந்துட்டாங்க. பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாங்க.

"நாலரைன்னு கீதே? நான் அஞ்சு கேட்டேன்."

முதலாளி முந்திக்கிட்டார். "அது ஒண்ணுமில்லம்மா, இந்த ஒரு போர்டுல ஈயம் லேசா..."

அந்தப் பெட்டிக்குள்ளே என் சிவப்புப் பொட்டு இருந்தது. ஹாலில் யாருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரியும்.

"ஈயம் இல்லம்மா" என்றேன். மைக் இன்னும் என் கையில் இருந்தது, அதை நான் மறந்துட்டேன். ஹால் முழுக்கக் கேட்டது. "அந்த ஈயம் நான் வெச்சது. அது நல்லா கீது. பெட்டிக்குள்ள ஒரு படி தப்பா கீது. அஞ்சு போட்டா அஞ்சு வராது. இப்போ வாங்கிக்கினு போனா நீங்க ஞாயித்துக்கிழமை பூசையில மாட்டிக்குவீங்க."

முதலாளி என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன். ஆறு பிள்ளைங்க தட்டும் வரிசையாக என் கண் முன்னால் வந்து போச்சு. நான் பேசினது சரியா தப்பா என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரியாது. பேசியாச்சு, அவ்வளவுதான்.

பின்னால் ஒரு நாற்காலி நகர்ற சத்தம். கண்ணாடி சார் எழுந்து வந்தார். மைக்கை என் கையிலிருந்து வாங்கினார். 

"ப்ரோக்ராம் எழுதினவன் நான். தப்பு அதுல. இல்லாத மூணரையை நான் வெச்சுட்டேன். போர்டு கட்டினவங்க கையில எந்தத் தப்பும் இல்ல." நிறுத்தினார். மறுபடியும் சொன்னார், இந்த முறை முதலாளியைப் பார்த்து. "எந்தத் தப்பும் இல்ல."

சிலபேர் எழுந்து போனாங்க. வாத்தியக் கடைக்காரர் ஒருத்தர் "மூணரையாம்யா" என்று சிரிச்சுக்கிட்டே போனார். அந்த அம்மா மட்டும் போகலை. பெட்டியின் நம்பரை ஒண்ணிலிருந்து திருப்பிக்கிட்டே போய் மூணரையில் நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "இத எடுத்துட்டுக் கொண்டாங்க. அஞ்சுன்னா அஞ்சு பேசணும். பேசுச்சுன்னா மொதல் பெட்டி எங்களுக்கு. இதே பெட்டி. தப்ப வாயால சொன்னவங்க பெட்டி."

வேனில் திரும்பி வந்தோம். ஷெட் வாசலில் இறங்கும்போது முதலாளி, "திங்கக்கிழமை எல்லாரும் வந்துருங்க. வளையலோட வாங்க" என்றார். அவர் மன்னிப்பு கேட்டது அவ்வளவுதான். நாங்க அதை வாங்கிக்கிட்டோம்.

பெட்டி பெரிசாக ஓடலை என்பதையும் சொல்லிடறேன். கொஞ்சம் வித்தது. அப்புறம் எல்லாம் உள்ளேயே அடங்கின கீபோர்டுகள் வந்துடுச்சு, எங்க பெட்டிக்கு வேலை இல்லாமல் போச்சு. ஆனால் லைன் நின்னுச்சு. வேற போர்டுகள் வந்தது, அதே கைகள் கட்டினது. தாஸு அதற்கு அப்புறம் எந்தப் பெட்டி வந்தாலும், "பிலோமி, வா மே, மொதல்ல நீ பாடு" என்று கூப்பிடுவான். வளையல் பேச்சுக்காக அக்கா அவனிடம் எப்போ கணக்குத் தீர்த்தாங்க என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் அவன் செல்விக்கு ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக்கிட்டு வந்து, வாயைத் திறக்காமல் மேஜையில் வெச்சுட்டுப் போனான். அவன் வாயைத் திறக்காமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போ உங்க மேஜையில் இருக்கிறது அந்த அம்மா கேட்ட அதே பெட்டி. மூணுக்கு அப்புறம் நாலுக்குத் தாவுதே, அது கோளாறு இல்லை. அதுதான் ரிப்பேர். ஒரு பழைய சாமானைப் பிரிக்கும்போது ஏதாவது குறையுதே என்று தோணினால், உடனே நிரப்பாதீங்க. யாரோ ஒருத்தர் கஷ்டப்பட்டு எடுத்ததாகவும் இருக்கும். பேட்டரியை மாத்துங்க, உப்புக் காத்து தின்ன இடத்தைத் துடைங்க. சுருதியைச் சோதிக்கும்போது உங்க கடையில் இருக்கிற பொண்ணை முதலில் பாடச் சொல்லுங்க. என் பொட்டு மேலே மட்டும் ஸ்பிரிட்டு படாமல் பார்த்துக்கங்க.

ஜெனி, அடிச்சிட்டியா? எங்க, மொதல்லேர்ந்து ஒரு தபா படிச்சுக் காட்டு. இந்த ஆயா மாதிரி கொரல மாத்திக்கினு படிக்க வேணாம்மா. ஒன் கட்டையிலயே படி.